இரண்டாவது வரியில் என் பெயர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம். ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸ் என்கிற ஊரில், வாடகைக்குக் கார் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸின் கவுன்ட்டரில் நானும் என் வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், அவர் முகத்துக்கு நேராகவே அவரைக் கேலி பேசிச் சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

எங்களுக்கு ஆரணி. பட்டுப் புடவை வியாபாரம். தறிக்காரர்களைப் பார்ப்பது, பாவு நூல் கொடுப்பது, புடவை வாங்குவது எல்லாம் என் வீட்டுக்காரர். கடையில் உட்கார்வதும் வெளியூருக்குப் பார்சல் கட்டி அனுப்புவதும் நான். பார்சலுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டேன். பத்து வருஷமாக வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். ஆனால் அவர் கூட வந்தால் ஸ்டியரிங் அவர் கையில்தான். தப்பித்தவறி நான் ஓட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

ஒரே பையன் எடின்பரோவில் மேல்படிப்பு முடித்தான். பட்டமளிப்பு விழாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். விழா முடிந்ததும் மூன்று நாள் கார் எடுத்து மலைப் பக்கம் சுற்றலாம் என்று அவன்தான் திட்டம் போட்டான். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் கிளம்பும் முன்பே, "அப்பா, அம்மா ரெண்டு பேருமே இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிகினு வாங்க" என்று சொல்லியிருந்தான். உனக்கு எதற்கு என்று அவர் முணுமுணுத்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனதோடு சேர்த்து எனக்கும் ஒன்று எடுத்துவிட்டேன்.

கவுன்ட்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலி கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் பேசியது இங்கிலீஷ்தான் என்றாலும் பாதி எங்களுக்குப் பிடிபடவில்லை. எடுத்துச் சொல்ல வேண்டிய பையனோ வாசலில் பெட்டிகளுக்குக் காவல் நின்றான்.

இணையத்தில் பதிவு செய்தபோது பார்த்த வாடகை ஒன்று, இங்கே நிற்கும்போது கேட்பது வேறொன்று. டயருக்கும் கண்ணாடிக்கும் தனிக் காப்பீடு வேண்டுமா என்றார். வழி காட்டும் கருவி வேண்டுமா என்றார். பெட்ரோலுக்கு முன்கூட்டியே கட்டிவிடுகிறீர்களா என்றார். பிறகு 'எக்ஸஸ்' என்று ஒன்றை விளக்கினார். காருக்கு இன்சூரன்ஸ் உண்டு, ஆனால் ஏதாவது சேதம் வந்தால் அதில் முதல் பங்கு நம்முடையது. அந்தப் பங்கும் நம் தலையில் விழாமல் இருக்க வேண்டுமென்றால் தினமும் ஒரு கட்டணம். அவர் கேட்கக் கேட்க என் வீட்டுக்காரர் "நோ மேடம், நோ மேடம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த எக்ஸஸ் தொகையை கார்டில் பிடித்து வைப்போம், காரைத் திருப்பிக் கொடுத்ததும் விடுவிப்போம் என்று அந்த அம்மா சொன்னதும் இவர் முகம் இறுகிவிட்டது.

"ஒண்ணு ஒண்ணா கேட்டுகினே இருக்காங்க பாரு. பேஜாரு புடிச்ச வேலை."

கடைசியாக அந்த அம்மா பேனாவால் என்னைக் காட்டி, இவர் ஓட்டுவாரா என்று கேட்டார்.

"நோ, நோ. ஒன்லி மீ" என்றார் இவர்.

அந்த அம்மா விடவில்லை. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். கூடுதல் ஓட்டுநர் என்று இருந்தது, எதிரே பூஜ்யம். கணவன் மனைவி என்றால் கட்டணம் இல்லை என்றார். மலைப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு, இரண்டு பேர் ஓட்ட முடிந்தால் நல்லது என்றும் சொன்னார். நிதானமாக, இரண்டு முறை.

"இப்ப ஜீரோன்னு காட்டுவாங்க, அப்புறம் கார்டுல இருந்து உருவிக்குவாங்க" என்றார் இவர் தமிழில். "நாம மாட்டலன்னதும் எப்படித் தவிக்கறாங்க பாரு."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மா எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து லேசாகச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து நேராகவே கேட்டார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை ஒரு பக்கமாக ஆட்டினேன். அது சரி என்ற ஆட்டலா, போதும் விடுங்கள் என்ற ஆட்டலா, எனக்கே தெரியாது. அவர் கை நீட்டினார். லைசென்ஸையும் பர்மிட்டையும் கொடுத்தேன். ஏதோ தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். காகிதங்களை டாஷ்போர்டு பெட்டிக்குள் திணித்துவிட்டுக் கிளம்பினோம்.

முதல் நாள் நன்றாகப் போனது. நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டும் நாடு, அதனால் அவருக்குச் சிரமமில்லை. மலைக்குள் போகப் போக ரோடு ஒற்றை வண்டி போகும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிமென்ட் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய இடுப்பளவுச் சுவர். அதற்கு அப்பால் ஆடுகள்.

இரண்டாம் நாள் காலையிலிருந்தே வயிறு உப்பிசமாக இருக்கிறது, காஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சோடா வாங்கிக் குடித்தார். பதினொரு மணி இருக்கும். ஏரிக்கரை ஒட்டிய ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். வெளியே தூறல், நல்ல குளிர். திரும்பிப் பார்த்தால் அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிகிறது. ஒதுங்குமிடம் ஒன்றில் காரை நிறுத்தினார். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க பண்ணுது?"

"காஸ்தான். ஏப்பம் வந்தா சரியாயிடும்."

உதடு வெளுத்துப் போயிருந்தது. பையன் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. காரை விட்டு இறங்கி ரோட்டில் முன்னும் பின்னும் ஓடிப் பார்த்தான், எங்கேயும் இல்லை. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் எங்களைக் கடந்து போயிருந்தது. காத்துக்கொண்டிருக்க முடியாது.

நான் இறங்கிப் போய் அவர் பக்கக் கதவைத் திறந்தேன். "பின்னாடி போய்ப் படுங்க, நான் ஓட்டறேன்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயத்தைக் கொடுத்தது. பையனும் நானும் கைத்தாங்கலாக அவரைப் பின் சீட்டில் ஏற்றினோம். அவன் அப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டான். தாண்டி வந்த ஒரு சின்ன ஊரில் டாக்டர் போர்டு பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றான். காரைத் திருப்பினேன்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டினேன் என்று தெரியாது. "அம்மா, மெதுவா" என்று பையன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஒரு வளைவில் எதிரே ஒரு பிக்கப் வண்டி. ஒதுங்க இடமில்லை. ஒடித்தேன். இடது பக்கம் முழுக்கக் கல் சுவரில் உரசிக்கொண்டு போய் நின்றது கார். கண்ணாடி உடைந்து விழுந்தது. சுவரிலிருந்து கற்கள் சரிந்து ரோட்டில் உருண்டன.

பிக்கப்பிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் இறங்கி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு இங்கிலீஷே வரவில்லை. "ஹஸ்பண்ட், ஹார்ட்" என்று பின் சீட்டைக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு தடவை பார்த்தார். சுவரை, காரை, தன் வண்டியை எதையும் பார்க்கவில்லை. பின்னால் வா என்று கையைக் காட்டிவிட்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வண்டியைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போய், ஒரு வயல் வாசலில் திருப்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் போனார். நான் அந்த விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பத்து நிமிஷத்தில் அந்தச் சின்ன ஊர் டாக்டர் வீட்டு வாசலில் இருந்தோம். அவர் முன்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனதில், டாக்டரும் ஒரு நர்ஸும் வெளியே வந்து நின்றார்கள். மாத்திரை கொடுத்து, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு. பெரிய ஆஸ்பத்திரி இன்வெர்னஸில்தான் இருக்கிறது, காரில் இரண்டு மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் தாங்காது என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர் வந்து பக்கத்துப் புல்வெளியில் இறங்கியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள்.

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். பிறகு நின்றேன்.

"நீ போப்பா. அவங்க பேசறது உனக்குத்தான் புரியும்."

"நீ எப்படிம்மா வருவ?"

"வந்துடுவேன். நீ போ, ஜல்தி."

ஹெலிகாப்டர் மேலே போய் மலைக்குப் பின்னால் மறைகிற வரை அங்கேயே நின்றேன். நர்ஸ் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துச் சர்க்கரை நிறையப் போட்டு டீ கொடுத்தார். அந்த பிக்கப்காரர் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

என்னைத் தன் வண்டியில் இன்வெர்னஸில் கொண்டு விடுவதாகச் சொன்னார். பெட்டி, பாஸ்போர்ட், துணிமணி எல்லாம் காரில் இருக்கிறது. எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கும் வெளியேயும் அலைய வேண்டியிருக்குமோ தெரியாது. காரை இங்கே விட்டுவிட்டுப் போனால் யார் எடுத்து வருவது? நானே ஓட்டி வருகிறேன் என்றேன். அவர், எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக ஒன்று கேட்டார். இந்தக் காருக்கான காகிதத்தில் உன் பெயர் இருக்கிறதா?

கவுன்ட்டரில் என் வீட்டுக்காரர் "ஒன்லி மீ" என்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அதுவரை அது தோன்றவே இல்லை. பெயர் இல்லாத ஆள் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது. ஏற்கெனவே நான் ஓட்டி, மோதியும் விட்டேன். காரின் முழுச் செலவும் எங்கள் தலையில். போலீஸ் என்ன சொல்லும்? அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் இதெல்லாம் மனசில் ஓடுகிறதே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

டாஷ்போர்டு பெட்டியிலிருந்து கசங்கிய காகிதங்களை எடுத்து பிக்கப்காரரிடம் கொடுத்தேன். என்னால் படிக்க முடியவில்லை. அவர் காரின் மேல் காகிதத்தை விரித்து, விரலை வைத்து வரி வரியாகப் போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓட்டுநர்கள் என்ற தலைப்பின் கீழே முதல் வரியில் என் வீட்டுக்காரர் பெயர். இரண்டாவது வரியில் என் பெயர். அப்பா பெயரின் முதலெழுத்து உட்பட, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். எதிரே கட்டணம் பூஜ்யம்.

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அந்த மனிதர் தோளில் தட்டக்கூடத் தயங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பிறகு வேலையைப் பார்த்தார். முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மூடி டயரில் உரசாமல், தன் வண்டியிலிருந்து நீலக் கயிறு கொண்டு வந்து இழுத்துக் கட்டினார். நாலு டயரையும் அமுக்கிப் பார்த்தார். தனியாக அனுப்ப மாட்டேன், முன்னால் நான் போகிறேன், நீ என் வேகத்தில் வந்தால் போதும் என்றார்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே போனோம். அவ்வளவு தூரமும் எனக்காக மெதுவாகப் போனார். எதிரே வண்டி வந்தால் அவர் முதலில் ஒதுங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எனக்கும் ஒதுங்கச் சொல்வார். சிக்னல் கிடைக்கிற ஒரு இடம் வந்ததும் தானாகவே நிறுத்தினார். போன் செய் என்று காதருகே கையை வைத்துக் காட்டினார். பையன் எடுத்தான். அப்பாவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள், ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள் என்றான். அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி வண்டியில் ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலில் பையன் நின்றிருந்தான். "ஸ்டென்ட் வெச்சாச்சும்மா, பிழைச்சுட்டார்" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் எங்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். சுவர் யாருடையது, எங்கே போய்ப் பணம் கட்ட வேண்டும் என்று பையனைக் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்தார். சுவர் அவருடையதுதான். வருஷா வருஷம் ஆடுகளே தள்ளிவிடுகின்றன, விழுந்த கல்லை எடுத்து அடுக்கினால் ஆயிற்று என்றார். ஒரு காபிகூடக் குடிக்கவில்லை. மாலைக்குள் ஆடுகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் ஆரணியிலிருந்து என் தம்பி போன் செய்தான். விஷயம் கேட்டுப் பதறிவிட்டுக் கடைசியில், "அக்கா, மோதினேன்னு சொல்லாத. நிறுத்தி வெச்சிருந்தப்போ யாரோ உரசிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடு" என்றான். என் மேல் உள்ள அக்கறைதான். முந்தின நாள் காலையாக இருந்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

நான் மட்டும் போனேன். அதே அம்மா. தனியாக வருவதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். காரைக் கேட்கவில்லை, "உங்கள் கணவர் எங்கே?" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்று விடாமல் சொன்னேன். வேகமாகப் போனதையும், சுவரில் இடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

சட்டப்படி நடக்க வேண்டியது நடந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. காரைச் சுற்றி வந்து படம் எடுத்தார். எக்ஸஸ் தொகையை கார்டில் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் இல்லை என்றார். என் பெயர் மட்டும் பதிவாகாமல் இருந்திருந்தால் முழுக் காருக்கும் நாங்கள் பொறுப்பாகியிருப்போம் என்றும் சொன்னார். பிறகு, ஊரிலிருந்து எடுத்து வந்த ட்ராவல் இன்சூரன்ஸ் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். போனில் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். நாங்கள் பணம் கட்டி வாங்கி, ஒரு நாளும் திறந்து பார்க்காத பத்திரம். முப்பதாவது பக்கத்துக்கு மேல் ஒரு இடத்தில் நிறுத்தினார். வாடகைக் காரின் எக்ஸஸைத் திருப்பித் தருவோம் என்று அங்கே இருந்தது. அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று பார்த்து, விபத்து அறிக்கை, ரசீது, படங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து வரிசைப்படுத்திக் கொடுத்தார். ஊருக்கு வந்த பிறகு, இரண்டு மாதத்தில் அந்தப் பணம் திரும்பி வந்தது.

கிளம்பும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்கு நாங்கள் தமிழில் என்ன பேசிச் சிரித்தோம் என்பதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மலைப் பக்கம் போகிற எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன், நிறையப் பேர் நான் எதையோ விற்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள், உங்கள் தலையாட்டலை மட்டும் சரி என்று எடுத்துக்கொண்டேன் என்றார். இரண்டு பேருமே சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இப்போது நன்றாக இருக்கிறார். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிறார், அதுவே பெரிய மாற்றம். அந்த ஆட்டுக்காரருக்குப் பையன் டாக்டர் முகவரிக்குக் கடிதம் போட்டான். பதிலாக ஒரு போட்டோ வந்தது. சரிந்த இடம் தெரியாமல் அடுக்கிய சுவர், பின்னால் மழை.

கடையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அடிக்கடி ஒன்று தோன்றும். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களிடம், இந்தக் கலர் முதல் தண்ணீரில் விடும், வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் உண்மையைச் சொன்னால், விலை கூடியதைத் தள்ளப் பார்க்கிறாள் என்று அவர்களுக்குள் கண் ஜாடை காட்டிக்கொள்வார்கள். இருபது வருஷமாக அந்தப் பார்வை எனக்கு வலித்திருக்கிறது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் அவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தும், அந்தப் பக்கம் போய் நின்ற அன்றைக்கு நானும் அதே பார்வையைத்தான் பார்த்தேன்.

நான் நம்பாத ஒரு அம்மா எனக்கு நல்லது செய்தார், நான் இடித்த சுவருக்குச் சொந்தக்காரர் எனக்கு வழி காட்டினார். அந்த இரண்டு பேருக்கும் நான் பட்ட கடனைத் திருப்பித் தர முடியாது என்பதால், எதிரே வந்து நிற்கிற ஒவ்வொருவரையும் முதலில் நல்லவராகவே எண்ணிப் பேசத் தொடங்குகிறேன்.